கோவிலின் எளிய பொருட்கள்: அப்பம், சாம்பல், தண்ணீர், எண்ணெய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீடவேலை பார்ப்பவர்கள், கோவில்பிள்ளைகள், மறைக்கல்வி ஆசிரியர்கள், அன்பியப் பொறுப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டு முறையை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். மற்ற சபைகளின் வழக்கத்தைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு.

கடவுளைச் சந்திக்க இவ்வளவு சாதாரணப் பொருட்கள் எதற்கு? மனதுக்குள் செபித்தால் போதாதா?

போதாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விவிலியம் காட்டும் வழி வேறு. சிரியாவின் படைத்தலைவன் நாமான் தொழுநோயோடு இறைவாக்கினர் எலிசாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். எலிசா வெளியே கூட வரவில்லை; யோர்தானில் ஏழு முறை மூழ்கச் சொல்லி ஆள் அனுப்புகிறார். எங்கள் தமஸ்கு ஆறுகளை விடவா இது பெரிது என்று நாமானுக்குக் கோபம். பெரிய காரியம் ஏதாவது சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே என்று வேலைக்காரர்கள்தான் அவனை இறக்கிவிடுகிறார்கள் (2 அரசர் 5). பிறவிக் குருடரைக் குணமாக்க இயேசு எடுத்தது எச்சிலும் மண்ணும் (யோவான் 9:6). குழந்தை இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுத்த நாளில் பெற்றோர் கொடுத்தது, ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியர் 12:8 அனுமதித்த இரண்டு பறவைகள் (லூக்கா 2:24).

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு உண்டு, அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மந்திரித்து விட்டதால் பொருளின் சுபாவம் போய்விடாது. தீர்த்தத்தில் கொசு முட்டையிடும். ஆயர் அர்ச்சிக்கும் கிறிஸ்மா எண்ணெய் காறிப்போகும். சாம்பல் தோலைச் சுடும். கடவுள் கெட்டுப்போகக்கூடிய பொருளில் வருகிறார் என்றால், அது கெடாமல் பார்த்துக்கொள்கிற வேலை பக்திக்கு வெளியே இருக்கிற வேலை அல்ல. கீழே உள்ளதில் பாதி அந்த வேலைதான்.

ஓஸ்தி, அதாவது பூசையில் பயன்படும் அப்பம், எதில் செய்கிறார்கள்? அரிசி மாவில் செய்தால் என்ன?

கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். உப்பு, சர்க்கரை, எண்ணெய், ஈஸ்ட் எதுவும் கிடையாது. திருச்சபைச் சட்டம் 924 கேட்பது இரண்டே விஷயம்: கோதுமை மட்டுமே இருக்க வேண்டும், கெட்டுப்போகும் அபாயம் இல்லாதபடி அண்மையில் செய்ததாக இருக்க வேண்டும். புளிக்காத அப்பம் என்பது இலத்தீன் முறையின் பழைய வழக்கம்.

அரிசி பற்றிய கேள்வி நியாயமானது. நம் ஊரில் ஏழையின் சோறு அரிசிதானே, இயேசு பெருகச் செய்த அப்பங்கள் கூட ஏழைகள் தின்ற வாற்கோதுமை அப்பங்கள்தானே (யோவான் 6:9) என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். போதாக்குறைக்கு ‘அப்பம்’ என்ற சொல்லே நமக்கு அரிசி மாவில் சுடும் பண்டத்தைத்தான் நினைவூட்டுகிறது. ஆனாலும் பதில் தெளிவு: கடைசி இராவுணவில் ஆண்டவர் கையில் எடுத்ததோடு திருச்சபை தன்னைக் கட்டிப்போட்டுக் கொண்டிருக்கிறது. அரிசி, கேழ்வரகு, சோளம் ஆகியவற்றில் செய்தது செல்லாது. கோதுமை அப்பம் என்றே சொல்ல முடியாத அளவுக்கு வேறு மாவு கலந்ததும் செல்லாது. ருசிக்காகத் தேனோ சர்க்கரையோ பழமோ சேர்ப்பது கடுமையான மீறல்.

செய்முறை: மாவைத் தோசை மாவை விடச் சற்று நீர்க்கக் கரைத்து, கட்டியில்லாமல் வடிகட்ட வேண்டும். கீல் போட்ட இரண்டு இரும்புத் தட்டுகளைச் சூடாக்கி, நடுவில் ஒரு கரண்டி ஊற்றி அழுத்தினால் ஆவி சீறிக்கொண்டு வெளியேறும். ஓரிரு நிமிடத்தில் மெல்லிய தாள் கிடைக்கும். அதை உடனே வெட்டக் கூடாது. சுட்ட சூட்டில் தாள் கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஈரப்பதமுள்ள அறையிலோ, ஈரத்துணி போர்த்திய பெட்டியிலோ ஒரு இரவு வைத்தால் தாள் துவளும். அப்போது வட்ட அச்சால் வெட்ட வேண்டும். ஈரம் கூடிப்போனால் அச்சின் விளிம்பில் நசுங்கி ஓரம் பிசிறடிக்கும். வெட்டியவற்றை மறுபடி உலர்த்தி, சல்லடையில் சலித்துத் தூளை நீக்கிய பிறகுதான் பொட்டலம் கட்டுவது.

வாங்கி வைத்த ஓஸ்தி சில வாரத்தில் நமுத்துப் போகிறது. என்ன செய்வது?

அதிகமாக வாங்குவதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த பாக்கெட் இரண்டு நாள் கூடத் தாங்காது. இறுக மூடும் டப்பாவில், மெழுகுவர்த்தியும் தூபமும் வைக்காத அலமாரியில் வையுங்கள். ஓஸ்தி பக்கத்து வாசனையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். பழைய இருப்பின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். அடியில் தங்குவது அடியிலேயே தங்கிவிடும்.

பூசையில் அர்ச்சித்து நற்கருணைப் பேழையில் வைத்திருக்கும் ஓஸ்திகள்?

தேவைக்கு மட்டும் வைத்து, அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். பல பங்குகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழையதை உட்கொண்டு புதியதை வைக்கிறார்கள். கடலோர ஊர்களில் வாரம் ஒருமுறை நல்லது. எறும்பு வந்தால் பேழைக்குள் மருந்து அடிக்க வேண்டாம். வெளியே பீடத்தின் அடியில் வரிசை எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அங்கே அடையுங்கள்.

நற்கருணை கீழே விழுந்துவிட்டால், பூசணம் பிடித்திருந்தால்?

விழுந்தால் பதற்றமின்றி எடுத்து, எடுத்தவரோ குருவோ உட்கொள்ளலாம். அழுக்கானது, நோயாளி வாயிலிருந்து வந்தது, பூசணம் கண்டது என்றால் சிறு கிண்ணத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, மூடி, பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். சில நாளில் முழுக்கக் கரையும். அடையாளம் தெரியாதபடி கரைந்த பிறகு அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்குப் போகாமல் நேரே மண்ணில் இறங்கும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அப்படித் தொட்டி இல்லாத கோவிலில், யாரும் மிதிக்காத இடத்து மண்ணில்.

ஏன் கரையும் வரை காத்திருக்கிறோம்? அப்பத்தின் தன்மைகள் நிலைக்கும் வரைதான் கிறிஸ்துவின் நற்கருணைப் பிரசன்னம் நிலைக்கும் என்பது திருச்சபையின் போதனை. நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. ஒரு கோதுமைத் துண்டின் ஆயுள் எவ்வளவோ, அவ்வளவுக்கு அவர் தம்மைக் குறுக்கிக்கொள்கிறார். பீடச்சிறுவர்களுக்கு அப்பத் தட்டில் ஒட்டிய துகளைத் துடைக்கக் கற்றுத்தரும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் கை தானாக மெதுவாகும்.

கோதுமை ஒவ்வாதவர்கள்?

குளூட்டன் மிகக் குறைவான ஓஸ்தி செல்லும். அறவே இல்லாதது செல்லாது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் அர்ச்சித்த திராட்சை இரசத்தை மட்டும் பருகலாம், அதில் குறைவில்லை. நடைமுறையில் தவறு நடப்பது கலப்பில்தான்: சாதாரண ஓஸ்தி எடுத்த விரலாலேயே இதையும் எடுப்பார்கள். தனிக் கலம் வையுங்கள். அவர் இரசம் பருகுவதானால், ஓஸ்தித் துண்டு போடாத தனிக் கிண்ணம் வேண்டும்.

திராட்சை இரசம் புளித்துவிட்டது. பயன்படுத்தலாமா?

வினிகராக மாறியது செல்லாது. திறந்த பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், சிறிய பாட்டிலாக வாங்குங்கள். காணிக்கையின்போது சேர்க்கும் தண்ணீர் சில துளிதான். பீடச்சிறுவன் கையில் சாய்த்து ஊற்றிவிடாமல் இருக்கச் சிறு கரண்டி வைத்துக்கொள்வது நல்லது.

குருத்தோலைக்கு மரத்தை வெட்டுவது சரியா?

தென்னையானாலும் பனையானாலும் மரத்துக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. விரியாத குருத்தில் மேல்பாதியை மட்டும், ஒரு மரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், ஏறத் தெரிந்தவரை வைத்து எடுக்கலாம். அடிவரை வெட்டிக் கூம்பைக் காயப்படுத்தினால் தண்ணீர் இறங்கிக் குருத்தழுகல் வரும், மரம் போய்விடும். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள் மாலை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள் காலை வரை மஞ்சள் மாறாது. சிலுவை பின்னும்போது ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு, பிளாஸ்டிக் பூ எதுவும் சேர்க்க வேண்டாம். காரணம் அடுத்த கேள்வியில்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கான சாம்பலை எப்படித் தயாரிப்பது?

முந்தைய ஆண்டு மந்திரித்த குருத்தோலையிலிருந்துதான். கடையில் விற்கும் திருநீறோ, அடுப்புச் சாம்பலோ, கரித்தூளோ வேண்டாம். பழைய தலைமுறை இந்த நாளை விபூதிப் புதன் என்றே சொல்லும். ஆனால் பொருள் வேறு, மூலமும் வேறு.

தவக்காலத்துக்கு மூன்று வாரம் முன்பே வீடுகளிலிருந்து பழைய ஓலையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கதவுக்குப் பின்னால், மாதா படத்துக்கு மேலே ஒரு வருடம் தூசி படிந்த ஓலைகள் வரும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பின், நூல், பிளாஸ்டிக் நீக்குங்கள். ஒரு பிளாஸ்டிக் பூ போதும், சட்டி முழுக்க உருகிப் பிசினாகும், சாம்பல் நாற்றமடிக்கும். வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்குங்கள்.

பழைய இரும்புச் சட்டியில், காற்றில்லாத காலைப் பொழுதில், வெளியே வைத்து எரியுங்கள். ஒரே நேரத்தில் அமுக்கி நிரப்பினால் அடியில் புகையும், எரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது. எரிந்து வெளுக்கும் வரை விட்டால் சாம்பல் லேசான சாம்பல் நிறத்தில் இருக்கும். நெற்றியில் ஒட்டாது, தெரியவும் தெரியாது. ஓலை கரியாகித் தீ அடங்கும் நேரத்தில் சட்டியை மூடிவிட்டால் காற்றில்லாமல் அணையும், கறுப்பாகவே நிற்கும். அதை அம்மியிலோ உரலிலோ அரைத்து மல்துணியில் சலிக்க வேண்டும். துணியில் தங்கும் நார்த் துணுக்குகளைத் திரும்ப அரையுங்கள். விட்டால் நெற்றியில் கீறும்.

ஒரு சாக்கு ஓலை எரித்தால் சில கைப்பிடிதான் மிஞ்சும். கவலை வேண்டாம், நன்றாக அரைத்த சாம்பல் ஒரு மேசைக்கரண்டி பெரிய கூட்டத்துக்கே வரும். மீதியை ஈரம் படாமல் மூடி அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம்.

சாம்பலில் தண்ணீர் கலக்கலாமா? சிலருக்கு நெற்றி எரிகிறது என்கிறார்களே?

தண்ணீர் விட்டுக் குழைக்காதீர்கள். தாவரச் சாம்பலில் பொட்டாசியம், கால்சியம் சேர்மங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் அது காரத்தன்மையுள்ள கரைசலாகிவிடும்; சாம்பலும் சுண்ணாம்பும் ஊறிய நீரில் சோப்பு காய்ச்சிய காலம் உண்டு. முதல் நாளே குழைத்து வைத்தால் காரம் இன்னும் ஏறும். குழந்தைகள் நெற்றியில் கொப்புளம் வரும் அளவுக்குப் போகலாம். பக்தியின் உறுத்தல் அல்ல அது, வேதியியல். உலர்ந்த தூளாகவே பயன்படுத்துங்கள், அல்லது ஒரு கரண்டி சாம்பலுக்கு நாலைந்து துளி தேங்காய் எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ விட்டு விரலில் ஒட்டும் பதத்துக்கு மட்டும் பிசறுங்கள். மந்திரிக்கும்போது தெளிக்கும் தீர்த்தம் நாலு துளி போதும். கிண்ணத்தை நனைக்க வேண்டியதில்லை.

நெற்றியில் சிலுவை வரைவது போலவே உச்சந்தலையில் தூவுவதும் முறையானதே. உரோமையில் பழைய வழக்கம் தூவுவதுதான். 2021இல் கொரோனா காலத்தில் உலகம் முழுதும் தலையில் தூவச் சொன்னார்கள்.

தீர்த்தத் தொட்டியில் புழு நெளிகிறது. என்ன செய்வது?

கொசுப்புழு. சுத்தமான, தேங்கிய தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாசல் தொட்டி அதற்கு ஏற்ற இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை, ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, தொட்டியை முழுக்கக் காலி செய்து உட்சுவரைத் தேங்காய் நாரால் தேயுங்கள். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் புதுத் தண்ணீரில் அதே முட்டை பொரியும். பெரிய தொட்டியில் விளிம்பு வரை நிரப்புவதை விட இரண்டு விரற்கடை தண்ணீர் போதும். பழைய தீர்த்தத்தை மண்ணில் ஊற்றுங்கள்.

தவக்காலம் முழுக்கத் தொட்டியைக் காலியாக வைப்பது, மணல் நிரப்புவது சில இடங்களில் பரவியிருக்கிறது. அது முறையல்ல. பெரிய வியாழன் மாலைக்குப் பின் காலி செய்து உயிர்ப்பு விழா இரவின் பாஸ்கா திருவிழிப்பில் நிரப்புவதே சரி.

தீர்த்தத்தில் உப்பு சேர்க்க வேண்டுமா?

கட்டாயமில்லை. எரிகோவின் நீரூற்றில் எலிசா உப்புப் போட்டதன் நினைவு அது (2 அரசர் 2:20-21). ஒரு சிட்டிகை போதும். பித்தளைத் தொட்டியில் உப்பு பச்சைக் களிம்பு ஏற்றும், உப்புத் தீர்த்தத்தைப் பூச்செடிக்கு ஊற்றினால் செடி வாடும்.

சாகும் நிலையில் உள்ள குழந்தைக்கு யார் திருமுழுக்குக் கொடுக்கலாம்? எந்தத் தண்ணீர்?

பெற்றோர் கேட்டு, குரு வர நேரமில்லை என்றால் யாரும் கொடுக்கலாம். செவிலியர் கொடுக்கலாம், அவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் செல்லும். மந்திரித்த தண்ணீர் தேவையில்லை. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், பாட்டில் தண்ணீர், மருத்துவமனையின் காய்ச்சி வடித்த நீர் எல்லாம் செல்லும். இளநீர், பால் செல்லாது.

தலையில் தண்ணீர் மூன்று முறை ஓட வேண்டும், ஊற்றிக்கொண்டே சொல்ல வேண்டும்: “(பெயர்), தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்.” ஊற்றுபவரும் சொல்பவரும் ஒருவரே. ‘நான்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றினால் செல்லாது என்று 2020இல் உரோமை தெளிவாக்கியது. தீவிரச் சிகிச்சைப் பிரிவின் இன்குபேட்டரில் இருக்கும் குழந்தை என்றால், வெதுவெதுப்பான கிருமி நீக்கிய நீரை ஊசியில்லா சிரிஞ்சில் எடுத்து, ஒரு மில்லி அளவில் மூன்று முறை நெற்றி முடியோரம் வழியவிடச் செவிலியரிடம் கேளுங்கள். ஈரப் பஞ்சால் துடைப்பது போதாது. தண்ணீர் தோலின் மேல் ஓட வேண்டும்.

நாள், நேரம், கொடுத்தவர் பெயர் குறித்துப் பங்கில் பதியுங்கள். குழந்தை பிழைத்தால் திருமுழுக்கை மறுபடி கொடுக்கக் கூடாது. விட்டுப்போன சடங்குகளை மட்டும் கோவிலில் நிறைவு செய்வார்கள். பெருநாளுக்கு உடுப்பெல்லாம் தைத்துக் கொடுக்கும் திருமுழுக்குக்கும், மூன்று மில்லி தண்ணீரில் நடந்ததற்கும் எந்த ஏற்றத்தாழ்வும் இல்லை.

மூன்று எண்ணெய்ச் சிமிழ்களும் ஒன்றுபோல் இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

மோந்து பாருங்கள். நறுமணம் வருவது கிறிஸ்மா. ஆயர் அர்ச்சிக்கும் இந்த எண்ணெயில் மட்டும்தான் பரிமளத் தைலம் கலக்கிறார்கள். மற்ற இரண்டும், அதாவது நோயாளர் எண்ணெயும் திருமுழுக்கு ஆயத்த எண்ணெயும், மணத்தால் பிரியா. மூடியிலும் அடியிலும் பெயரைப் பொறித்து வையுங்கள்; மூடி மாறிப்போவதுதான் வழக்கமான குழப்பம். சிந்தாமல் இருக்க உள்ளே வைக்கும் பஞ்சை ஆண்டுதோறும் மாற்றுங்கள், பழசு காறல் அடிக்கும். புது எண்ணெய் வந்ததும் பழையதை எரித்துவிடலாம். நற்கருணை விளக்கில் ஊற்றுவது நல்ல வழி.

ஆலிவ் எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெய் போதும் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் அனுமதித்தார். அவசரத்தில் நோயாளர் எண்ணெயைக் குருவே மந்திரித்துப் பூசலாம். எனவே மலைக்கிராமத்தில் சிமிழை மறந்து வந்த குரு, அந்த வீட்டு நல்லெண்ணெயைக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

அணையா விளக்குக்கு மின்விளக்கு போடலாமா? உயிர்ப்பு இரவில் ஏற்றும் பாஸ்கா திரியில் ஆண்டை மட்டும் மாற்றி ஒட்டலாமா?

நற்கருணை விளக்கு எண்ணெயிலோ மெழுகிலோ எரிவதே விதி. கரி படிந்தால் திரி நீளம் அதிகம் என்று அர்த்தம், எண்ணெய் மட்டத்துக்கு மேல் கொஞ்சமே விடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து திரி அணையும். அது ஏறக்குறைய 24 டிகிரியிலேயே கட்டிவிடும். அங்கே நல்லெண்ணெய்.

பாஸ்கா திரி மெழுகால் ஆனதாக, ஆண்டுதோறும் புதியதாக இருக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் குழல் கூடாது. அன்றிரவு பாடும் பாஸ்கா புகழுரை தேனீக்களின் உழைப்பை நன்றியோடு சொல்கிறது. பிளாஸ்டிக் குழலுக்கு முன்னால் அந்த வரி கொஞ்சம் கூச்சமாகத்தான் ஒலிக்கும்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல்தான் வேண்டுமா?

1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் தீவனத்தொட்டியும் வைக்கோலும், உயிருள்ள மாடும் கழுதையும்தான் வைத்தார். நம் குடிலில் தெர்மோகோல் மலையை விட வைக்கோல் அழகு. ஆனால் சீரியல் லைட் வயரை வைக்கோலுக்குள் புதைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

பிடி அரிசிக் காணிக்கை என்பது என்ன?

உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் கோவிலுக்குக் கொடுப்பது. மிசோரமில் 1910 முதல் பெண்கள் தொடங்கி நடத்திவரும் இந்த வழக்கம் அங்கே சபையின் ஊழியத்துக்கே பெரிய ஆதாரம். தொடங்க விரும்பினால் காற்றுப் புகாத டப்பா, வாராவாரம் சேகரிப்பு, இரண்டும் அவசியம். மாதக்கணக்கில் விட்டால் வண்டு வைக்கும். எடுக்க வேண்டியது சமைக்கும் அரிசியிலிருந்தேதான். கடையில் மலிவு அரிசி வாங்கி டப்பாவை நிரப்பினால் அது வேறு காணிக்கை.

மற்ற சபைகளில்?

தென்னிந்தியத் திருச்சபையிலும் லூத்தரன் சபையிலும் நற்கருணை உண்டு, ஆனால் பேழையில் வைத்து ஆராதிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. பல சபைகள் திராட்சைச் சாறு பயன்படுத்துகின்றன. சாம்பல், தீர்த்தம் பெந்தெகொஸ்தே சபைகளில் இல்லை. நாமான் கதையை அவர்களும் இதே அழுத்தத்தோடுதான் பிரசங்கிக்கிறார்கள்.

உடைந்த சுரூபம், அறுந்த செபமாலை, பழைய படங்களை எங்கே போடுவது?

கோவில் மரத்தடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மழையில் நனைந்து நாய் இழுக்கும். மந்திரித்த பொருள் எரியக்கூடியதானால் எரிப்பது, இல்லையென்றால் புதைப்பது. மண், பிளாஸ்டர் சுரூபத்தைச் சிறு துண்டாக உடைத்து முழங்கை ஆழத்தில் புதையுங்கள். படத்தின் கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டுத் தாளை மட்டும் எரியுங்கள். பிளாஸ்டிக் மணி செபமாலையை எரிக்க வேண்டாம், புகை நச்சு. பெரும்பாலும் அறுந்தது ஒரு கண்ணிதான், சின்ன இடுக்கி இருந்தால் ஐந்து நிமிடத்தில் கோத்துவிடலாம்.